சரக்கு கரையேறிவிட்டது, காசு எங்கே?

ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் வாசகர்களின் வங்கிக் கேள்விகளும் பதில்களும்

ஆசிரியர் இந்த மாதம் அனுப்பிய கடிதக் கட்டைப் பிரித்ததும் ஏலக்காய் வாசம். போடியில் இருந்து வந்த கவருக்குள் யாரோ நாலு காயைப் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நல்ல பச்சை, கையில் உருட்டினால் கனம் தெரிகிற காய். லஞ்சமாகவே எடுத்துக்கொண்டு அந்தக் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. வங்கியில் 31 வருஷம் இருந்தேன். அதில் பெரும்பகுதி அன்னியச் செலாவணி மேஜை: மட்டாஞ்சேரி, கொல்லம், தூத்துக்குடி, கடைசியாக எர்ணாகுளம். இப்போது தேனி மாவட்டத்துக் கூடலூரில் வீடு. வாசலில் நின்றால் குமுளிக்கு ஏறுகிற லாரிகள் தெரியும்.

துபாய்க்கு 22,000 டாலர் பில் போட்டு ஏலக்காய் அனுப்பினேன். கணக்கில் ஏறியது 21,943. வங்கியில் கேட்டால் "அங்கேயே பிடிச்சிட்டாங்க" என்கிறார்கள். தொகை குறைவதால் பில்லும் முழுதாக முடியவில்லையாம். அந்த 57 டாலரைத் தின்றது யார்?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

மூன்று பேர் சேர்ந்து தின்றிருக்கிறார்கள். நீங்கள் ஸ்விஃப்ட் காப்பியின் நகலை இணைத்திருந்ததால் யார் எவ்வளவு என்றுகூடச் சொல்ல முடிகிறது.

முதலில் ஒன்று. டாலர் விமானம் ஏறித் துபாயில் இருந்து போடிக்கு வருவதில்லை. அது நியூயார்க்கை விட்டு நகர்வதே இல்லை. துபாய் வங்கிக்கு நியூயார்க்கில் ஒரு வங்கியில் டாலர் கணக்கு இருக்கும். உங்கள் வங்கிக்கும் அதே ஊரில் வேறொரு வங்கியில் கணக்கு இருக்கும், நாஸ்ட்ரோ என்போம். அங்கே எடுத்து இங்கே வைக்கிறார்கள், அவ்வளவுதான். எடுத்தாயிற்று, வைத்தாயிற்று என்று தகவல் சொல்லும் தபால்காரன்தான் ஸ்விஃப்ட். 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கியது. தபால்காரன் பணத்தைத் தொடுவதில்லை. வழியில் இருக்கும் வங்கிகள்தான் சுங்கச்சாவடி.

இனி உங்கள் காப்பியைப் பாருங்கள். 33பி என்ற வரியில் 22,000 இருக்கிறது. வாங்கியவர் அனுப்பச் சொன்ன தொகை அது. 71ஏ வரியில் எஸ்.எச்.ஏ. என்ற மூன்று எழுத்து. அவர் ஊர்ச் செலவு அவருக்கு, வழிச் செலவும் இந்த ஊர்ச் செலவும் உங்களுக்கு என்று பொருள். அந்த இடத்தில் ஓ.யு.ஆர். என்று இருந்தால் எல்லாச் செலவும் அவர் தலையில், பி.இ.என். என்றால் எல்லாம் உங்கள் தலையில். அடுத்து 71எஃப் இரண்டு முறை வருகிறது: ஒன்றில் 25, மற்றதில் 20. ஆக 45 டாலர் வழியில் போனது. 32ஏ வரியில் 21,955. கணக்கில் ஏறியதோ 21,943. அந்தப் பாக்கி 12 டாலர் எந்த வரியிலும் இல்லை, ஏனென்றால் அதைப் பிடித்தது உங்கள் வங்கியேதான். "அங்கேயே பிடிச்சிட்டாங்க" என்று அந்தத் தம்பி சொன்னது முக்கால்வாசி உண்மை. (2025 நவம்பருக்குப் பிறகு வந்த பணம் என்றால் காப்பி புது வடிவத்தில் இருக்கும். அதில் எஸ்.எச்.ஏ.வுக்குப் பதில் எஸ்.எச்.ஏ.ஆர்., ஓ.யு.ஆருக்குப் பதில் டி.இ.பி.டி. என்று பாருங்கள்.)

பில் முடியாததற்குப் பயப்பட வேண்டாம். 2014இல் இருந்து ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் (ஏற்றுமதிச் சரக்குக்குச் சுங்கத்தில் கொடுக்கும் காகிதம்) ரிசர்வ் வங்கியின் ஈ.டி.பி.எம்.எஸ். என்ற கணினிப் பேரேட்டில் ஏறி நிற்கிறது. பணம் வந்து சேர்ந்தால்தான் இறங்கும். வெளிநாட்டு வங்கிக் கட்டணம் என்று காட்டி அந்தக் குறைவை உங்கள் வங்கியே நேர் செய்ய முடியும். ஸ்விஃப்ட் காப்பியை இணைத்து எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில் என்றால் 2025 அக்டோபரில் வந்த தளர்வின்படி உங்கள் உறுதிமொழியே போதும். உங்களுடையது அதற்கு மேலே.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். 57 டாலர் என்பது 5,000 ரூபாய் சொச்சம். அதற்காக நாலு பக்கம் எழுதி, ஏலக்காய் வேறு வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். டாலரை ரூபாயாக மாற்றிய அன்று சந்தையில் என்ன விலை, உங்களுக்கு என்ன விலை போட்டார்கள் என்று ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லையே! டாலருக்கு 60 பைசா குறைத்துப் போட்டிருந்தால் 21,943 டாலருக்கு 13,166 ரூபாய். அது எந்த ரசீதிலும் கட்டணம் என்ற பெயரில் வராது. விலைக்குள்ளேயே கரைந்து போய்விடும். பணம் நாஸ்ட்ரோவில் வந்ததும், "ரேட் போடும் முன்னால் எனக்கு போன் செய்யுங்கள்" என்று கிளையில் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். பேரம் பேசினால் பைசா குறையும், பேசாதவருக்கு, எல்லோருக்கும் பொதுவாக வங்கி போடும் கார்டு ரேட்தான். கிளியரிங் கார்ப்பரேஷன் 2019இல் தொடங்கிய எஃப்.எக்ஸ். ரீட்டெய்ல் தளத்தில் பதிந்துகொண்டால் சந்தை விலை உங்கள் கண்ணுக்கே தெரியும். வங்கி தன் பங்கைத் தனியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாற்றும்போது பிடிக்கும் ஜி.எஸ்.டி.யில் பேரம் இல்லை. 20 லட்சம் ரூபாய் என்றால், முதல் 10 லட்சத்துக்கு 5,500, மிச்சத்துக்கு ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் வீதம் 1,000, ஆக 6,500 ரூபாய் சேவை மதிப்பு என்று வைத்து அதில் 18 சதவீதம், 1,170 ரூபாய். அது சர்க்காருக்குப் போகிறது, விடுங்கள்.

எல்.சி.யில் சரக்கின் பெயர் "கார்டமம்", கடைசி எழுத்து எம். எங்கள் ஆபீஸ் பையன் பேக்கிங் லிஸ்டில் "கார்டமன்" என்று கடைசியில் ஆங்கில 'என்' போட்டுவிட்டான். இன்வாய்ஸில் சரியாகத்தான் இருக்கிறது. வாங்கியவரின் வங்கி டிஸ்க்ரிபன்சி, அதாவது காகிதத்தில் குறை, என்று சொல்லி 75 டாலர் பிடித்துக்கொண்டது, பணமும் 12 நாள் தள்ளி வந்தது. ஓர் எழுத்துக்கு இவ்வளவா?
– ஏல வியாபாரி, வண்டன்மேடு

ஆபீஸ் பையனைத் திட்டியிருந்தால் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அவன் பேரில் தப்பில்லை.

எல்.சி. என்பது, கேட்ட காகிதங்கள் சரியாக வந்தால் பணம் தருகிறேன் என்று வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் உறுதிக் கடிதம். உலகம் முழுக்க அதற்கு ஒரே வேதம், பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபையின் யு.சி.பி. 600, 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு உரைபோல ஐ.எஸ்.பி.பி. 745 என்று ஒரு நூல் 2013இல் வந்தது. அதில் ஏ23 என்ற பத்தி, பொருளை மாற்றாத எழுத்துப்பிழை முரண்பாடு ஆகாது என்று சொல்கிறது. 'மெஷின்' என்ற சொல்லைத் தப்பான எழுத்தில் அடித்தாலும் மெஷின் மெஷின்தான். ஆனால் மாடல் 321 என்பதை 123 என்று அடித்தால் அது வேறு சரக்கு. உங்கள் காயோ, அகராதியிலேயே இரண்டு எழுத்திலும் இருக்கிறது! எல்.சி.யில் இருக்கிறபடியே விவரம் பொருந்த வேண்டும் என்ற கெடுபிடி இன்வாய்ஸுக்குத்தான். பேக்கிங் லிஸ்டில் பொதுவாகச் சொன்னால் போதும்.

எனவே 75 டாலரைத் திருப்பிக் கேட்கலாம். கேட்க வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் வங்கி. ஏ23 என்று பத்தி எண்ணைக் குறிப்பிட்டு ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்: அந்த வங்கி குறை சொன்ன தேதி. டாக்குமெண்ட் கைக்கு வந்த மறுநாளில் இருந்து ஐந்து வங்கி நாளுக்குள், எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் சொல்லிவிட வேண்டும். தாண்டினால் குறை சொல்லும் உரிமையே போச்சு. என் அனுபவத்தில் குறை கண்டுபிடித்துக் கட்டணம் பிடிப்பதையே தொழிலாக வைத்திருந்த ஒரு வங்கி இருந்தது. பெயர் வேண்டாம். தேதியைக் காட்டி ஒரு முறை மடக்கினோம். அடுத்த ஆறு மாதம் எங்கள் கிளையின் பில்லில் புள்ளி, கமா பார்க்கவில்லை.

எழுத்தை விடுங்கள், தேதிதான் ஆளைக் கொல்லும். சரக்கு கப்பல் ஏறிய நாளில் இருந்து, எல்.சி.யில் வேறு கெடு சொல்லாதபோது, 21 நாளுக்குள் டாக்குமெண்ட் போய்ச் சேர வேண்டும், எல்.சி. காலாவதித் தேதிக்கும் உள்ளே இருக்க வேண்டும். 2018 ஆகஸ்டை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செறுதோணி அணையின் ஐந்து ஷட்டரும் திறந்து, ரோடு ரோடாகப் போய்விட்ட நாட்கள். அப்போது எர்ணாகுளத்தில் என் மேஜைக்கு உங்கள் மலையில் இருந்து ஒரு வியாபாரி போன் செய்தார். எல்.சி. இன்னும் இரண்டு நாளில் முடிகிறது, கூரியர் அடிமாலியைத் தாண்டவில்லை.

"வெள்ளம்னு சொன்னா ரெண்டு நாள் தர மாட்டானா சாரே?"

தர மாட்டான். கடைசி நாள் ஞாயிறோ பண்டிகையோ ஆனால் மறு வேலை நாளுக்குத் தள்ளும், விதி 29. வெள்ளம், கலவரம், போர் என்று வங்கியே மூடிக்கிடந்து அதற்குள் எல்.சி. முடிந்துபோனால் முடிந்ததுதான், விதி 36. பண்டிகைக்கு இரங்குகிற வேதம் பிரளயத்துக்கு இரங்காது. கூரியர் தாமதத்துக்கோ கேட்கவே வேண்டாம். எல்.சி.யைப் படிக்கச் சொன்னேன். 'எந்த வங்கியிலும் சமர்ப்பிக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. அவ்வளவு போதும். கம்பம்மெட்டு வழியாகக் கீழே இறங்கித் தேனிக்குப் போய் மதுரை வங்கி ஒன்றில் கடைசி நாள் மத்தியானம் கொடுத்தார். ஜீப் வாடகை 4,000 ஆனது என்று பிறகு புலம்பினார். புலம்பலுக்கு நடுவே ஒரு கிலோ காயும் வந்தது.

முந்திரி ஆலை நடத்துகிறேன். ஆப்பிரிக்காவில் இருந்து மூன்று கண்டெய்னர் தோட்டு அண்டி (ஓட்டோடு முந்திரிக்கொட்டை) 90 நாள் எல்.சி.யில் வாங்கினேன். எல்.சி.யில் அவுட்டர்ன் குறைந்தது 47 பவுண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தூத்துக்குடியில் இறக்கி வெட்டிப் பார்த்தால் 43தான் நிற்கிறது. பணம் கொடுக்காதே என்று எழுதிக் கொடுத்தும் மேனேஜர் மறுக்கிறார். என் வங்கி என் பக்கமா, அவன் பக்கமா?
– அண்டி ஆபீஸ்காரர், மார்த்தாண்டம்

இரண்டு பக்கமும் இல்லை. வங்கி காகிதத்தின் பக்கம்.

உங்கள் நஷ்டம் சின்னதில்லை என்று தெரிகிறது. தொழிலில் இல்லாத வாசகர்களுக்காக: 80 கிலோ கொட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதுதான் அவுட்டர்ன். ஒரு கண்டெய்னரில் 16 டன், அதாவது 80 கிலோ கணக்கில் 200 மூட்டை என்று வைத்தால், மூட்டைக்கு 4 பவுண்டு குறைவு. மூன்று கண்டெய்னருக்கு 2,400 பவுண்டு. ஒரு டன்னுக்கு மேல் பருப்பு காணோம். வயிறு எரியத்தான் செய்யும்.

ஆனால் உங்கள் எல்.சி.யைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது வேறொரு வரிக்காக. 47 பவுண்டு என்று சரக்கு விவரத்தில் எழுதினீர்கள். அதை எந்தக் காகிதம் சாட்சி சொல்ல வேண்டும், யார் கையெழுத்தில் என்று எழுதவில்லை. விதி 14, உட்பிரிவு எச்: ஒரு நிபந்தனை சொல்லி, அதைக் காட்டும் டாக்குமெண்ட் இன்னதென்று சொல்லாவிட்டால், வங்கி அந்த நிபந்தனை எழுதப்படவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ளும். விற்றவன் என்ன செய்தான்? இன்வாய்ஸில் அவனும் '47 பவுண்டு' என்று டைப் அடித்துக் கொடுத்தான். காகிதமும் காகிதமும் பொருந்திவிட்டன. மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று வங்கி பிரித்துப் பார்க்காது. விதி 5 சொல்வது இவ்வளவே: வங்கிகள் காகிதத்தில் வியாபாரம் செய்கின்றன, சரக்கில் அல்ல.

நீங்கள் டாக்குமெண்ட்டை ஏற்று, 90ஆம் நாள் பணம் தருகிறேன் என்கிற உண்டியலில் கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். 90ஆம் நாள் பணம் போயே தீரும். உங்கள் கணக்கில் இல்லையென்றால் வங்கி தன் கையில் இருந்து கொடுத்துவிட்டு உங்களைக் கடன்காரராக எழுதிக்கொள்ளும். எல்.சி. டிவால்வ் ஆச்சு என்று அந்தக் குறிப்பு ஒரு முறை விழுந்தால் அடுத்த சீசனில் லிமிட் கேட்டுப் போகும்போது தெரியும். கோர்ட்டில் தடை வாங்கலாமே என்று உங்கள் வக்கீல் சொல்கிறாராம். பச்சையான மோசடி என்று நிரூபித்தால் கிடைக்கும். கல்லும் மண்ணும் வந்திருந்தால் பேசலாம். 47க்கு 43 என்பது தரத் தகராறு, பெரும்பாலும் நிற்காது.

செய்ய வேண்டியது இது. மிச்ச மூட்டைகளை உடைக்காதீர்கள். இன்றைக்கே நிறுத்துங்கள். உங்கள் ஆலையில் உங்கள் ஆட்கள் வெட்டிப் பார்த்த கணக்கு அவனிடம் செல்லாது. இரு தரப்பும் ஏற்கிற சர்வேயரை வைத்து, மூட்டை எண் குறித்து, மாதிரி எடுத்து, அவர் முன்னால் வெட்ட வேண்டும். அந்த அறிக்கையோடு விற்பனை ஒப்பந்தத்தின்படி கிளெய்ம் போடுங்கள். பவுண்டு குறைந்தால் டன்னுக்கு இவ்வளவு தள்ளுபடி என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். இல்லையென்றால் நீங்கள் யாரிடம் ஒப்பந்தம் எழுதினீர்களோ, அவரைத் தேடிப் போக வேண்டியதுதான்.

கொல்லத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் வருவார். இடுப்பு வேட்டியில் சின்னப் பேனாக்கத்தி எப்போதும் இருக்கும். என் கவுண்ட்டரிலேயே மாதிரிப் பையில் இருந்து ஒரு கொட்டையை எடுத்து, குறுக்கே பிளந்து, பருப்பின் வெள்ளையைக் காட்டுவார். என் லெட்ஜரில் தோட்டுப் பால் கறையாகி, மேனேஜரிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன். ஆங்கிலம் அவருக்குக் கையெழுத்து அளவுதான். ஆனால் அவர் எல்.சி. போடும்போது 90 சதவீதம் மட்டும் டாக்குமெண்ட்டுக்கு. பாக்கி 10, இறங்கிய துறைமுகத்தில் இன்ன சர்வேயர் கொடுக்கும் அவுட்டர்ன் சான்றிதழ் வந்த பிறகு. அந்தச் சர்வேயரின் பெயர் எழுத்துக்கு எழுத்து எல்.சி.யில் இருக்கும். 'சுதந்திரமான ஆய்வாளர்' என்று பொதுவாக எழுதினால் விற்றவனின் மச்சான்கூட ஆய்வாளர் ஆகிவிடுவானாம். இதைச் சொல்லிவிட்டுப் பல் இல்லாத வாயால் சிரிப்பார்.

ரூபாயிலேயே பில் போட்டு வெளிநாட்டுக்குச் சரக்கு விற்கலாமா? டாலர் ஏறி இறங்கும் தலைவலி வேண்டாம் என்று பார்க்கிறேன்.
– கொழிஞ்சாம்பாறை வாசகர்

போடலாம். 2022 ஜூலை 11இல் ரிசர்வ் வங்கி வழி திறந்துவிட்டது. வாங்குபவரின் நாட்டு வங்கி, நம் வங்கி ஒன்றில் வாஸ்ட்ரோ என்ற ரூபாய்க் கணக்கு வைத்திருக்க வேண்டும். தலைவலி தீராது, வாங்குபவர் தலைக்கு மாறும். அவர் அதற்கும் சேர்த்து விலையைக் குறைப்பார். அமீரக ஆள் திர்ஹாமில் தருகிறேன் என்றால் பெரிய லாபம் என்று நினைக்காதீர்கள். 1 டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று 1997இல் கட்டிவைத்தது இன்னும் அவிழவில்லை. டாலர் ஆடினால் அதுவும் ஆடும்.

மிளகும் கிராம்பும் சின்ன அளவில் அனுப்புகிறேன். வாங்குகிற கடைக்காரர் என் மாமா பையனிடம் ஷார்ஜாவில் பணத்தைக் கொடுக்கிறார். அவன் என் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பிவிடுகிறான். சுலபமாக இருந்தது. இப்போது வங்கி "ஏழு பில் பாக்கி நிற்குது" என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. பணம் எல்லாம் வந்துவிட்டதே?
– பெயர் வேண்டாம், குமுளி

வந்தது அம்மா, ஆனால் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. வெளியில் இருந்து வரும் ஒவ்வொரு பணத்துக்கும் நெற்றியில் ஒரு பர்ப்பஸ் கோடு ஒட்டுவார்கள். உங்கள் மாமா பையன் அனுப்பியதற்கு பி1301, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் குடும்பச் செலவுக்கு அனுப்பியது. ஏற்றுமதி முன்பணம் என்றால் பி0103, அனுப்பிய பில்லுக்கு வந்தது என்றால் பி0102. ஆக, ரிசர்வ் வங்கியின் பேரேட்டில் நீங்கள் மாமா பையனின் காசில் வீடு நடத்திக்கொண்டு, மிளகை ஏழு முறை தானம் செய்திருக்கிறீர்கள்.

பில் பணம் வர 9 மாதம் என்றிருந்த கெடுவை 2025 நவம்பரில் 15 மாதமாக நீட்டினார்கள். அதனால் பழைய பில்லுக்கும் மூச்சுவிட நேரம் இருக்கலாம், தேதிகளைப் பாருங்கள். ஏழு பில், ஏழு ஷிப்பிங் பில் எண், ஏழு வரவுத் தேதி என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி, கடைக்காரரிடம் "இந்தச் சரக்குக்காக இன்னார் வழியாகக் கொடுத்தேன்" என்று கடிதம் வாங்கி, பர்ப்பஸ் கோடைத் திருத்தச் சொல்லி வங்கியில் கொடுங்கள். வாங்குபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்பது சட்டப்படி முடியாததல்ல. ஒளிக்காமல், ஷிப்பிங் பில் போடும்போதே சொல்லிச் செய்ய வேண்டும். இனிமேல் தொழிலுக்குத் தனி நடப்புக் கணக்கு, அந்தக் கிளையின் அடையாள எண்ணான ஏ.டி. கோடு சுங்கத்தில் பதிவு.

இன்னொன்று, நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன். "அங்கே திர்ஹாம் கொடுங்க, கம்பத்திலேயே கையில் ரூபாய் தர்றோம், ரேட்டும் நல்ல ரேட்" என்று ஒரு ஆள் வருவார். வந்திருப்பார். அன்னியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் 13ஆம் பிரிவில் அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை. நல்ல ரேட்தான்.

தேங்காய் எண்ணெய் ஆலைக்குச் சீனாவில் இருந்து இயந்திரம். 30 சதவீதம் முன்பணம் போய்விட்டது. இப்போது "எங்கள் வங்கியில் தணிக்கை நடக்கிறது, பாக்கியை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மெயில். லெட்டர்ஹெட், முத்திரை எல்லாம் சரியாக இருக்கிறது. அனுப்பலாமா?
– வாளையாறு வாசகர்

அனுப்பாதீர்கள். இந்தப் பதில் அச்சாகி வர மூன்று வாரம் ஆகும் என்பதால் ஆசிரியரிடம் சொல்லி உங்களுக்கு போனிலும் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தணிக்கை என்ற சொல்லைப் பார்த்ததுமே எனக்குத் தூத்துக்குடி நினைவு வந்தது. அங்கே ஒருவர் இதே கதையில் இரண்டாவது தவணையைப் பறிகொடுத்தார். மெயிலைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கம்பெனிப் பெயரில் ஆங்கிலச் சின்ன எல் இருக்க வேண்டிய இடத்தில் எண் 1. கண்ணாடி போட்டும் எனக்கு முதலில் தெரியவில்லை. கவுண்ட்டரில் இருந்த பயிற்சிப் பெண்தான் காட்டினாள். முத்திரை சரியாகத்தான் இருக்கும். உங்கள் பழைய இன்வாய்ஸில் இருந்தே வெட்டி ஒட்டுகிறவனுக்கு அது ஒரு வேலையா?

மெயிலில் இருக்கும் எண்ணுக்குப் பேசாதீர்கள். முதல் முறை ஆர்டர் கொடுத்தபோது பேசிய எண்ணுக்கு, முடிந்தால் முகம் தெரிய வீடியோவில் பேசிக் கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கத்தைக் கேளுங்கள். கம்பெனி சீனாவில், கணக்கு மட்டும் வேறு நாட்டில் என்றாலே நின்றுவிடுங்கள். பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வழியில் யாராவது பார்த்துத் தடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். போய்விட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கும் ரீகால் செய்தியை வங்கியில் உடனே அனுப்பச் சொல்லி, சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அடியுங்கள். மணிக்கணக்கில் செய்தால் வாய்ப்பு உண்டு, நாள்கணக்கில் போனால் குறைவு. இதில் கொடுமை என்னவென்றால், பறிபோன பணமும் இறக்குமதிப் பேரேடான ஐ.டி.பி.எம்.எஸ்.ஸில் உங்கள் பெயரில் நிற்கும். சரக்கு வந்ததற்குச் சுங்கத்தில் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரி எங்கே என்று வங்கி உங்களையே கேட்கும்.

எம்.காம். முடித்துவிட்டு அப்பாவின் மிளகு வியாபாரத்தை ஏற்றுமதிக்குக் கொண்டுபோகப் பார்க்கிறேன். கம்பத்தில் எந்த வங்கியில் கணக்கு தொடங்குவது?
– மாணவி, கம்பம்

வங்கிப் பெயர் சொன்னால் ஆசிரியர் விளம்பரக் கட்டணம் கேட்பார். கிளையைப் பார்த்து முடிவு செய் அம்மா. சின்ன ஊர்க் கிளைகள் பெரும்பாலும் காகிதத்தை வாங்கி ஸ்கேன் செய்து எர்ணாகுளத்துக்கோ சென்னைக்கோ அனுப்புகிற தபால்பெட்டிதான். அந்தப் பெரிய ஊரில் யார் பார்க்கிறார்கள், அவருடைய நேரடி எண் என்ன என்று கேள். தயங்காமல் தருகிற கிளையில் சேர். ஏற்றுமதி, இறக்குமதி செய்ய வேண்டிய ஐ.இ.சி. எண் உன் பான் எண்ணிலேயே வரும். மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் வருஷா வருஷம் ஏப்ரலில் இருந்து ஜூனுக்குள் இணையத்தில் புதுப்பிக்க மறந்தால் முடக்கிவிடுவார்கள். மிளகு என்பதால் ஸ்பைசஸ் போர்டு பதிவும் வேண்டும்.

கிளையில் இன்னொன்றும் கேட்டுக்கொள்: அன்றைய தேதியிலேயே வேலை முடிய எத்தனை மணிக்குள் காகிதம் தர வேண்டும். சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் "பணம் போட்டாச்சு" என்று அங்கிருந்து போன் வரும், பொய்யாக இருக்காது. ஆனால் அன்றைக்கு நியூயார்க் தூங்கும், கம்பமும் தூங்கும். திங்கள் ராத்திரி நியூயார்க் விழிக்கும்போது இங்கே கிளையைப் பூட்டியிருப்பார்கள். செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் அப்பாவைப் பாஸ்புக்கோடு வங்கிக்கு அனுப்பாதே.